கீறிய பக்கம்

கடைசியாக அவர்கள் இருவரும் வாக்குவாதம் செய்தது ஒரு சிவப்பு நிறத்தைப் பற்றி. நாலாவது படத்தில் சாயம் தூக்கலாக விழுந்துவிட்டது என்றார் ஹூசுங். மாலை வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும், காலையில் எடுத்துப் பார் என்றாள் அவர் மனைவி ஒட்டீலியே. அவள் அப்போது அவருக்காக ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கட்டைவிரலில் பெரிய கட்டு. உடற்கூற்றுக் கூடத்துப் பிணவறையில் கத்தி பட்டுவிட்டது என்று வந்ததும் சொல்லியிருந்தார், வழியில் தொப்பி நனைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

"பேனா பிடிக்க முடியல. நீயே எழுது," என்றார். "படம் நாலு. கூரைக்காரர் எக்கெர்ட். தண்டுவடம், நெஞ்சு மட்டம். கீறிய பக்கத்தில், முன்புறமாக, பயறளவு சிதைவு."

எழுதினாள். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினாள். "கீறிய பக்கம்னா எந்தப் பக்கம்?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா? இடதுன்னு ஒரு வார்த்தை சேர்க்கட்டுமா?"

"வேண்டாம். புஸ்தகம் முடியறப்ப முன்னுரையில சொல்லிக்கலாம்."

"நாலு வருஷமா இதையே சொல்றே."

"ரொட்டியைக் குடு, ஒட்டீலியே."

கொடுத்தாள். இடது கையால் வாங்கித் தின்றார். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் கை தோள்வரை வீங்கி, மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை ஒரு சிவப்புக் கோடு ஏறிவிட்டது. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், கட்டை மாற்றிக்கொண்டிருந்த அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவு தப்பிவிட்டது. திங்கள் காலை, தேவாலயத்து மணி ஏழு அடித்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று.

ஐசன்ப்ருக் நகரத்து ஏழைகள் மருத்துவமனையில் லெபரெக்ட் ஹூசுங் பன்னிரண்டு வருடம் நரம்பு வைத்தியராக இருந்தார். பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விரிவுரையாளர், மாணவர்கள் தருகிற கட்டணம் மட்டும்தான். ஒரு பருவத்துக்கு ஏழு மாணவர்கள் சேர்ந்தால் அன்று வீட்டில் பிளம் கேக் சுடுவார்கள். மற்றபடி வேலை, வேலை. இறந்தவர்களின் தண்டுவடத்தை மருந்து நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, வெங்காயத் தோல் போலச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார். பார்த்ததை ஒட்டீலியே வரைவாள். வெள்ளரிக்காய்ச் சீவலில் விதைக் கோலம் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு சீவலிலும் நரம்புக் கற்றைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மொத்தம் அறுபத்திரண்டு படங்கள். அதில் எக்கெர்ட்டுடையவை பதினொன்று.

எக்கெர்ட் கற்பலகை வேய்கிற கூரைக்காரர். ஒரு குளிர்காலத்தில் இரும்பு அடுப்பின் மேல் வலது காலைச் சாய்த்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ தீய்கிற வாசனை வந்தது. மனைவி கத்திய பிறகுதான் அது தன் கால் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் காலில் சூடும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. ஆனால் நடப்பார், ஏணி ஏறுவார், தொட்டால் தொட்டதும் தெரியும். மூன்று வருடம் கழித்து நுரையீரல் நோயில் இறந்தபோது, அவருடைய தண்டுவடத்தில் ஒரே ஒரு பயறளவு இடம் கெட்டுப்போயிருந்தது. இடது பக்கம், முன்புறமாக. வலது காலின் வலி, தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் பக்கம் மாறி, இடது பக்கத்தில் அந்த ஒல்லியான கற்றை வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது என்று ஹூசுங் சொன்னது இந்த ஒரு பயறை வைத்துத்தான்.

சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைக்கும்போது அது புரண்டுவிடும். புரண்டால் இடது எது, வலது எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் சீவுவதற்கு முன்பே தண்டுவடத்தின் ஒரு பக்கத்தில் ஊசியால் நெடுகக் கீறிவிடுவார்கள். ஒவ்வொரு சீவலின் ஓரத்திலும் ஒரு சின்னப் பள்ளம் விழும். ஐசன்ப்ருக் கூடத்தில் எல்லோரும் வலது பக்கம் கீறுவார்கள். வலது கையில் ஊசி பிடிக்கிறவனுக்கு அதுதான் வாகு.

ஹூசுங் இடது கைக்காரர். பள்ளியில் ஆசிரியர் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டு வலது கையில் எழுத வைத்தார். எழுத்து வலதுக்கு வந்துவிட்டது. கத்தி வரவில்லை. விருந்துக்குப் போனால் வலது கையால் இறைச்சியை அறுக்கப் படாதபாடு படுவார். தட்டிலிருந்து ஒரு முறை உருண்டை மாவுக் கொழுக்கட்டை எழும்பிப் பேராசிரியர் மனைவியின் மடியில் விழுந்தது. கூடத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் சீவுவார். தாழிட்ட கதவுக்குப் பின்னால் கத்தியும் ஊசியும் இடது கையில் இருக்கும். கீறல் இடது பக்கம் விழும். அதை எந்தக் குறிப்பேட்டிலும் அவர் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள்.

அடக்கம் முடிந்து பத்து நாளில் பேராசிரியர் ஷ்டீவே ஆள் அனுப்பினார். உடற்கூற்றுக் கூடத்தின் தலைவர், பெரிய பாடநூல் எழுதியவர். எக்கெர்ட் பற்றி ஹூசுங் எழுதிவைத்திருந்ததைக் கட்டுரையாகக் கூடத்தின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொன்னார். பதிப்பிக்கிற வேலை அவருடைய உதவியாளர் டாக்டர் க்னாப்புக்கு. ஒட்டீலியே சந்தோஷப்பட்டாள் என்றே சொல்லவேண்டும். பதினொரு படங்களையும் தாளில் சுற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜூன் மாதம் அச்சுப் பிழை பார்க்கத் தாள் வந்தது. படங்கள் நன்றாக வந்திருந்தன. நாலாவதில் சிவப்பு தூக்கல்தான். பிறகு பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

'எங்கள் கூடத்தின் வழக்கப்படி கீறல் வலது பக்கத்தைக் குறிக்கும். ஆகவே சிதைவு இருப்பது வலது பக்கம், அதாவது உணர்விழந்த காலின் அதே பக்கம். மறைந்த ஆசிரியர் ஆர்வ மிகுதியால் பக்கத்தைத் தவறாகக் கொண்டுவிட்டார். அவருடைய முடிவு நிற்காது.'

மூன்று முறை படித்தாள். வலி பக்கம் மாறுவதில்லை என்பது ஷ்டீவேயின் பாடநூலில் இருப்பது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைத் திணறவைத்தது. அவர்கள் வழக்கம் அதுதான். 'கீறிய பக்கம்' என்று எழுதியிருப்பது அவள் கையெழுத்துதான். அன்றைக்கு அவரைக் கேட்காமல் 'இடது' என்று அவளே போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அன்றே கடிதம் எழுதினாள். கீறியது இடது பக்கம், மீதித் தண்டுவடம் கூடத்தில் ஜாடியில் இருக்கிறது, கழுத்துப் பக்கம் தடித்திருக்கும், முன்புறம் பள்ளம் இருக்கும், கையில் எடுத்து நேராகப் பிடித்தால் கீறல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியும், தயவுசெய்து பாருங்கள். உறை மேல் 'மதிப்பிற்குரிய பேராசிரியர் ஷ்டீவே அவர்களுக்கு' என்று எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. துக்கத்தில் இருக்கிற பெண் நேரில் போய் நச்சரிப்பது அழகில்லை என்று காத்திருந்தாள். மூன்று வாரம் கழித்து அவள் கடிதமே பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அலுவலக எழுத்தர் மூலையில் எழுதியிருந்தார்: 'இந்தப் பட்டத்தில் இங்கே ஒருவரும் இல்லை.' மே மாதம் ஷ்டீவேக்கு அரசவை ஆலோசகர் பட்டம் கிடைத்திருந்தது. ஊர்ச் செய்தித்தாளில் வந்திருந்தது. அவள் அந்த வாரங்களில் செய்தித்தாள் பார்க்கவில்லை.

கையுறையைக்கூட மாட்டிக்கொள்ளாமல் கூடத்துக்கு நடந்தாள்.

பின்வாசலில் கூடத்துப் பணியாள் க்ரூமர் உட்கார்ந்து ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியவை வெயிலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க டாக்டரம்மா. இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க? நாத்தம் தாங்காதே."

"க்ரூமர், எக்கெர்ட்டோட ஜாடி எங்கே?"

அவர் வெயிலில் கிடந்த வரிசையைப் பார்த்தார். "சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். படிப்புப் பருவம் முடிஞ்சுதில்ல, வருஷா வருஷம் இப்படித்தான். ரெண்டு பெட்டி, எல்லாரும் ஒண்ணா. பாதிரியார் வந்து நல்லாத்தான் பேசினார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். எக்கெர்ட் காலம் பூரா உசரத்துல இருந்தவர். இப்பத்தான் கீழ இறங்கியிருக்கார்." தன் வேடிக்கை அவள் முகத்தில் ஒட்டவில்லை என்று கண்டதும் குரல் இறங்கியது. "போன வாரம் வந்திருந்தீங்கன்னா நானே எடுத்துக் கையில குடுத்திருப்பேன்."

"போன வாரம் நான் பதில் கடுதாசிக்குக் காத்துட்டிருந்தேன். பட்டம் தப்புன்னு இன்னிக்குத் திரும்பி வந்திருக்கு."

க்ரூமருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்த எழுத்தர் இருக்காரே, அவர் பொண்டாட்டி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூட முழுப் பட்டமும் சொல்லுன்னு நிக்கிற ஆளு."

"நீங்கதானே என் புருஷனோட கத்தி எல்லாம் தீட்டுவீங்க. எந்தக் கையில பிடிச்சார்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. தேய்ஞ்சிருக்கிற பக்கமே சொல்லிடும். ஒரு தடவை சாவித் துவாரத்துல பார்த்துமிருக்கேன். ஆனா அதை ஆலோசகர் ஐயாகிட்ட எப்படிச் சொல்றது? பன்னிரண்டு வருஷம் பார்த்துட்டு ஏன்டா சொல்லலைன்னு கேப்பார். சாவித் துவாரத்துல உனக்கு என்ன வேலைன்னும் கேப்பார்." குனிந்து அடுத்த ஜாடியை எடுத்தார். "என்னை இதுல இழுக்காதீங்க டாக்டரம்மா. கும்பிட்டுக் கேக்கறேன்."

வீட்டுக்கு வந்து பசியில்லாமல் ரொட்டியை எடுத்தாள். எல்லோரும் செய்வதுபோல உருண்டை ரொட்டியை நெஞ்சோடு அணைத்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து அறுத்தாள். கத்தி வலது கையில். ரொட்டியைப் பிடித்திருந்த இடது கைக் கட்டைவிரல் கத்திக்கு நேர் எதிரே இருந்தது. அறுப்பதை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தாள். கத்தி வழுக்கினால் வெட்டுவது பிடித்திருக்கிற கையை. ஹூசுங்குக்கு வெட்டு விழுந்தது வலது கட்டைவிரலில்.

ஐந்து நாள் அந்தக் கையை அவள்தான் கழுவிக் கட்டினாள். ஐந்து நாளில் ஒரு தடவைகூட இது தோன்றவில்லை. கூடத்தில் யாருக்குக் கத்தி பட்டாலும் காயப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. 'நகம் கிழிஞ்சாக்கூட ஒரு பத்தி எழுதணும்' என்று அவர் முணுமுணுப்பார். அப்படியானால் இதுவும் அங்கே இருக்கும்.

இந்த முறை பட்டத்தை ஒன்றுவிடாமல் எழுதினாள். நான்கு நாளில் அழைப்பு வந்தது.

ஷ்டீவே எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஜன்னலோரம் க்னாப் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது, கன்னத்தில் மாணவப் பருவத்து வாட்போட்டியில் பட்ட தழும்பு, அதைத் தடவிக்கொண்டே பேசுகிற பழக்கம். அவள் சொல்லி முடிக்கும்வரை இருவரும் குறுக்கே பேசவில்லை.

"பன்னிரண்டு வருஷம் என் கூரைக்குக் கீழ வேலை பார்த்தார்," என்றார் ஷ்டீவே. "ஒரு நாள்கூட அவர் இடது கையில கத்தி பிடிச்சு நான் பார்த்ததில்லையே."

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுச் செய்வார், ஆலோசகர் ஐயா."

"அப்போ பார்த்தவங்க யாருமில்ல."

"நான் பார்த்திருக்கேன். வீட்டுல ஆப்பிள் சீவினாலும் இடது கைதான்."

"ஆப்பிளா," என்றார் க்னாப்.

ஷ்டீவே அவரைப் பார்த்தார். க்னாப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் ஷ்டீவே சொன்னார்: "டாக்டரம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒரு மனுஷன் செத்தப்புறம், அவர் ஊனத்தை மறைச்சு வேலை பார்த்தார்னு பொண்டாட்டியே வந்து சொல்றது அவருக்குப் பெருமையா? இப்ப அவர் பேர்ல இருக்கிறது ஒரு சின்னத் தப்பு. எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க சொல்றதைப் போட்டா அது பன்னிரண்டு வருஷப் பொய்யாயிடும்."

"காயப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. மார்ச் மாசம். அவருக்கு வெட்டுப்பட்டது எந்தக் கையில?"

பதிவேடு வந்தது. க்னாப்பே புரட்டினார். பக்கம் கிடைத்ததும் தழும்பைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"படிங்க," என்றார் ஷ்டீவே.

"டாக்டர் ஹூசுங். சொந்தக் கத்தி. தனியாக வேலை செய்கையில். வலது கட்டைவிரல், எலும்புவரை." க்னாப் நிமிர்ந்தார். "நான் எழுதினது."

"வலது கையில கத்தி வெச்சிருக்கிறவர் வலது கட்டைவிரலை எப்படி வெட்டிக்குவார்?" என்று கேட்டாள் ஒட்டீலியே. "செஞ்சு காட்டுங்க, டாக்டர்."

க்னாப் காட்டவில்லை. ஷ்டீவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நிமிடம், ஒரே நிமிடம், அவர் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று அவள் நம்பினாள்.

"நான் அவருக்கு எதிர்ல நின்னு கட்டுப் போட்டேன்," என்றார் க்னாப். "எதிர்ல நிக்கிறவரோட இடது கை நம்ம வலது கைக்கு நேரா வரும். அவசரத்துல மாத்தி எழுதியிருப்பேன். என் தப்புதான். இப்பவே திருத்திடறேன்."

மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தே விட்டார்.

"அஞ்சு நாள் அந்தக் கையைக் கழுவினது நான்," என்றாள் அவள். "எனக்குமா தெரியாது?"

"துக்கத்துல நினைவு மாறும், அம்மா. யாருக்கும் மாறும்," என்றார் க்னாப்.

"இடது வலது தெரியாம எழுதினது நீங்கன்னு நீங்களே சொல்றீங்க. அச்சுல மட்டும் அந்தத் தப்பு என் புருஷன் பேர்ல வருது."

க்னாப் சிவந்தார். ஷ்டீவே கையை உயர்த்தினார். பதிவேட்டில் யாரும் எதையும் திருத்தவேண்டாம் என்றார். நியாயமானவர் என்று தன்னை நினைத்துக்கொள்கிற மனிதர். அடிக்குறிப்போடு, 'குடும்பத்தாரின் கருத்து வேறு' என்று ஒரு வரி சேர்க்கலாம், அதற்குமேல் முடியாது என்றார்.

"அப்படின்னா என் படங்களைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"தாராளமா. உங்களோடதுதானே. ஆனா படமில்லாம கட்டுரையை எப்படிப் போடுறது, சொல்லுங்க. எக்கெர்ட் விஷயமே அச்சுக்கு வராது."

மேசையின் மூலையில் படங்கள் வைத்த உறை இருந்தது. எழுந்து அதன்மேல் கை வைத்தாள். பதினொரு படங்கள், இரண்டு குளிர்காலம். எடுத்துக்கொண்டு போனால் அடிக்குறிப்பும் வராது, எக்கெர்ட்டும் வரமாட்டார், அந்தப் பயறை யாருமே பார்க்கப்போவதில்லை. விட்டுவிட்டுப் போனால் அந்தச் சின்ன எழுத்தோடு வரும். கீறல் படத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. யாராவது ஒருவன் கேள்வி கேட்கலாம்.

"குடும்பத்தாரின் கருத்து எல்லாம் வேண்டாம்," என்றாள். "என் கருத்து இல்ல அது, நடந்தது." உறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஷ்டீவேயையும் திட்டவில்லை, க்னாப்பையும் திட்டவில்லை. ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்தவர்கள் டாக்டரம்மா தனக்குத் தானே பேசிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். முன்னுரையில சொல்லிக்கலாமாம். ஒரு வார்த்தை. எழுதியிருந்தால் உன் மானம் போயிருக்குமா? போனால் போகட்டுமே. அப்பா இல்லை, ஆசிரியர் இல்லை, யாருக்குப் பயந்தே? நான் கேட்டேனே. ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேனே.

இலையுதிர் காலத்தில் மலர் வந்தது. அடிக்குறிப்போடு.

பதினோரு வருடம் கழித்து, வெளிநாட்டில் ஒரு மருத்துவர் இதே போல இரண்டு நோயாளிகளைக் கண்டு எழுதினார். முதுகில் கத்திக்குத்துப்பட்ட ஒரு மாலுமி, தண்டுவடத்தில் கட்டி வந்த ஒரு பெண். இருவருக்கும் வலி பக்கம் மாறித்தான் ஏறியது. அந்தக் கட்டுரையில் ஹூசுங்கின் பெயர் ஒரே இடத்தில் வந்தது: 'ஹூசுங்கின் நோயாளி இதற்கு எதிரான சான்று, ஆனால் அவர் பக்கங்களைக் குழப்பியவர் என்பதால் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.' ஒட்டீலியே அவருக்கு எழுதினாள். மிக மரியாதையான பதில் வந்தது. அவளுடைய வருத்தம் தனக்குப் புரிகிறது என்றும், அச்சில் உள்ளதைத்தான் தான் பின்பற்ற முடியும் என்றும் எழுதியிருந்தார். படங்கள் மிக அழகானவை என்று கடைசியில் ஒரு வரி.

ஷ்டீவேயின் பாடநூல் மூன்றாம் பதிப்பு வந்தபோது புத்தகக் கடையிலேயே நின்று புரட்டினாள். கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், உட்காரவில்லை. வலியைப் பற்றிய அத்தியாயம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. வலி உடம்பின் மறுபக்கத்துக்கு மாறி, முன்புறமாக உள்ள ஒல்லியான கற்றை வழியே ஏறுகிறது என்று ஷ்டீவே இப்போது தெளிவாக எழுதியிருந்தார். வெளிநாட்டு மருத்துவருக்கு நன்றி சொல்லியிருந்தார். படம் ஒன்று இருந்தது, அவள் வரைந்ததல்ல.

பக்கத்தின் அடியில் ஹூசுங்கின் தவற்றைப் பற்றிய குறிப்பு, ஆண்டு மலரில் இருந்த அதே நான்கு வரிகளில், அப்படியே இருந்தது.